கூவத்துக்குள்ள நின்ன தூண்கள்: மதுரவாயல் பறக்கும் சாலை ஏன் இவ்வளவு லேட்?

கூவத்துக்குள்ள வரிசையா தூண்கள் நிக்கும். மேல ரோடு மட்டும் இருக்காது. சென்னைக்கு வந்து போற டெல்டாக்காரங்க உள்பட, பல வருஷமா எல்லாரும் பார்த்துப் பழகின காட்சி இது. அவை துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்காக எழுப்பியவை.

எதுக்கு இந்த ரோடு?

சென்னைத் துறைமுகம் இருப்பது நகரத்தின் நெரிசலுக்கு நடுவே. பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு என்பதால், கன்டெய்னர் லாரிகள் ராத்திரி வரை காத்துக் கிடக்கணும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் 19 கி.மீ பறக்கும் சாலை. நகருக்குள் இடம் கிடைக்காததால், பெரும்பகுதி கூவத்தை ஒட்டியே திட்டமிடப்பட்டது. மதிப்பு சுமார் 1,800 கோடி ரூபாய். 2009 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார்.

ஏன் நின்னுச்சு?

தூண்கள் ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கும் என்று சொல்லி, 2012-ல் தமிழக அரசின் பொதுப்பணித் துறை வேலையை நிறுத்தியது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்பவும் வேலை நகரலை.

'எல்லாம் அரசியல்'னு இதைச் சுலபமா தள்ளிடாதீங்க. பாபநாசம் பக்கம் குடமுருட்டி கரையில இருக்கிறவங்களுக்கு விஷயம் உடனே புரியும். ஒரு தூண் மட்டும் ஆத்தை மறிக்காது. அதுல ஆகாயத்தாமரையும் குப்பையும் சிக்கி, வண்டல் சேர்ந்தா, தண்ணி போற வழி சுருங்கும். மேற்பக்கம் மட்டம் ஏறும், கரைக்கு ஆபத்து. கேள்வி நியாயமானது. ஆனா அதுக்கு முழுசா பதில் கண்டுபிடிச்சிருக்க வேண்டிய நேரம், முதல் தூண் எழும்புறதுக்கு முன்னாடி.

இப்போ என்ன நிலை?

திட்டம் இரண்டு அடுக்காக மாறியது. 2022 மே 26-ல் பிரதமர் மோடி மறுபடியும் அடிக்கல் நாட்டினார். நீளம் சுமார் 21 கி.மீ, செலவு 5,850 கோடி ரூபாய்க்கு மேல். அதாவது மூன்று மடங்குக்கும் அதிகம்! கோயம்பேட்டிலிருந்து நேப்பியர் பாலம் வரை கீழ்த்தளம் நகர வாகனங்களுக்கு. மேல்தளம், மதுரவாயலிலிருந்து நேரா துறைமுகம் போகும் லாரிகளுக்கு. பழைய தூண்கள் ஒற்றைத் தளத்துக்காகப் போட்டவை என்பதால், பலவற்றை இடிக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதை நமக்கு மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1970-களில் பாதியில் நின்ற மேம்பாலம், அந்தரத்தில் முடிவதாலேயே பிரபலம். தென்கொரியாவின் சியோலோ வேற ரூட் எடுத்தது. செயோங்கேசியோன் ஓடையை மூடி நின்ற பறக்கும் சாலையை 2003-ல் இடிக்க ஆரம்பித்து, 2005-ல் ஓடையைத் திறந்துவிட்டது.

நீங்க என்ன செய்யலாம்?

டெல்டாவில் எந்தப் புது ரோடு போட்டாலும் ஆறு, வாய்க்கால் தாண்டாம முடியாது. விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில், 2025 ஜூலையில் திறக்கப்பட்ட சேத்தியாத்தோப்பு - சோழபுரம் பகுதியில் மட்டும் கொள்ளிடத்தின் குறுக்கே 1 கி.மீ பாலம் இருக்கு.

அதனால உங்க ஊர்ல பாலம் வருதுன்னா, மூணு விஷயம் கேளுங்க: தண்ணிக்குள்ள எத்தனை தூண்? எந்த அளவு வெள்ளத்தைக் கணக்கில் எடுத்தாங்க? அடைப்பை எடுக்கிற பொறுப்பு யாருக்கு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தரணும். தூண் எழும்பின பிறகு கேட்டா, பதிலுக்கான செலவு கோடிகளில் ஏறும்.