மொனேயின் கடலும் சப்பிரகமுவவின் விடியலும்

மனப்பதிவுவாத ஓவியத்திற்குப் பெயர் தந்ததே ஒரு கடற்காட்சிதான். குளோட் மொனே லே ஆவ்ர் துறைமுகத்தைத் தீட்டிய ‘மனப்பதிவு, சூரிய உதயம்’ 1874இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, லூயி லெருவா என்னும் விமர்சகர் அத்தலைப்பைக் கொண்டே அக்குழுவினரை எள்ளி நகையாடினார். ஏளனச் சொல்லே பெயராக நிலைத்தது.

1880களில் நோர்மண்டிக் கரையிலுள்ள எத்ரெத்தாவில் மொனே ஒரே பாறையைப் பல கித்தான்களில் தொடங்கி, ஒளி மாறுந்தோறும் ஒன்றை வைத்து மற்றொன்றை எடுத்தார். அவர் தீட்ட முனைந்தது பாறையையன்று. அந்நேரத்தில் அதன்மீது விழுந்த ஒளியையே. ஆயினும் எத்ரெத்தா அந்நாளில் வசதிபடைத்தோர் நீராடக் குவிந்த இடம்; அவர்களை அப்படங்களில் பெரும்பாலும் காணோம். இது கலைஞனின் உரிமையே. ஆனால் விடுபட்டது எது என வினவுவது வரலாற்று மாணவனின் கடமை. 1886இல் பெல்-ஈல் தீவில், புயற்காற்றிடையே மொனேயின் ஓவியச் சாமான்களைச் சுமந்தவர் பொலி என்ற மீனவர். அவரையும் மொனே தீட்டினார். எனினும் அத்தீவின் பாறைகள் பெற்ற புகழைப் பொலியின் முகம் பெறவில்லை.

ஒளியின் நேரக்கணக்கை மொனேக்குச் சற்றும் குறையாது அறிந்தவர்கள் யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டத் தொழிலாளர். விடியற்காலையில்தான் பால் நன்கு ஓடும். வெயில் ஏறினால் குறையும். மழையில் பட்டை நனைந்தால் அன்று பால்வெட்டே இல்லை, பெரும்பாலும் முழுச் சம்பளமும் இல்லை. ஓவியன் ஒளிக்காகக் காத்திருக்கிறான்; தொழிலாளியோ அதை முந்த வேண்டியவன். நாம் கண்ட தோட்டக் காட்சிப் படங்களில் பச்சைச் சரிவு உண்டு, பனிமூட்டம் உண்டு; இந்த அவசரம் இல்லை.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. இங்குள்ளோரின் முன்னோர்க்குக் கடல் காட்சியன்று, பாதை. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவை 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை அக்கடலுக்கு அப்பால் அனுப்ப வகைசெய்திருந்தது.

இவ்விடத்தில் மொனேயைவிட ஐவன் பீரிஸ் நமக்கு அண்மையில் நிற்கிறார். 1943இல் கொழும்பில் தோன்றிய ’43 குழுவைச் சேர்ந்த அவர், பின்னர் இங்கிலாந்தின் சவுத்எண்டில் வாழ்ந்தபடி, தாம் பிறந்த தெஹிவளைக் கரையை நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் தீட்டினார். கண்முன் நிற்கும் கடலை அக்கணத்திலேயே பிடிப்பது மொனேயின் வழி. விட்டுவந்த கரையைப் பல ஆண்டுகள் சுமப்பது பீரிஸின் வழி. தலைமன்னாரில் இறங்கி லயத்துக்கு வந்தவர்களும், பின்னர் அங்கிருந்தே கப்பலேறியவர்களும் கடலை அறிந்தது இந்த இரண்டாம் வழியிலேயே.