காரீயத்தில் எவ்வளவு வெள்ளீயம்? வேட்டைக் குண்டுகளின் ஒரு சிறு வரலாறு

தமிழ் இரண்டு உலோகங்களை ஒரே பெயரின் இரு நிறங்களாக வகுத்து வைத்திருக்கிறது: காரீயம், வெள்ளீயம். ரோமானியரும் இவற்றைக் கருப்பு பிளம்பம், வெள்ளை பிளம்பம் என்றே அழைத்தனர். வேதியியல் இவற்றை வெவ்வேறு தனிமங்களாகப் பிரித்துவிட்டது. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலும் மைசூரிலும் காட்டில் கூடாரமடித்த வேட்டைக்காரரின் அடுப்பில் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. கரியதில் வெள்ளையை எவ்வளவு சேர்ப்பது என்ற கேள்விக்குச் சில சமயம் அவருடைய உயிரே விலையாக இருந்தது.

அக்காலத்தில் துப்பாக்கியின் பெயரே ஈயத்தின் எடைதான். ஒரு பவுண்டு தூய காரீயத்தை உருக்கிச் சம எடையுள்ள பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டையின் விட்டம் கொண்ட குழலே ‘பன்னிரண்டு போர்’. நான்கு உருண்டைகளாக வார்த்தால் ‘நான்கு போர்’. அதன் ஒரு குண்டு ஏறத்தாழ 113 கிராம். எண் குறையக் குறையக் குண்டு பெருக்கும். குழலின் வாயளவு நீள அளவையால் அன்றி எடையால் சொல்லப்பட்டதற்குக் காரணம் எளியது: குண்டைச் சொந்தமாக வார்ப்பவருக்கு முதலில் தெரியவேண்டியது எவ்வளவு ஈயம் வாங்குவது என்பதே.

வார்ப்பது கடினமான வேலை அன்று. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் போதும். இடுக்கி போன்ற அச்சில் ஊற்றி, ஆறியதும் திறந்து, ஊற்றுவாயில் நிற்கும் வாலை நறுக்கிவிட்டால் குண்டு தயார். அச்சு சூடேறாமல் இருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் எடை ஒருபக்கமாகச் சாய்ந்து குறி தவறும். எனவே, வார்த்த குண்டுகளை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்தவற்றை மீண்டும் உருக்குவதே முதல் சோதனை. சிக்கல் உலோகத்தின் இயல்பில் இருந்தது. தூய காரீயம் நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவு மென்மையானது. குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட பள்ளங்களில் அது பிடித்துச் சுழன்றால்தான் குறி நிற்கும். மிக வேகமாகச் செலுத்தினாலோ பள்ளத்தை உரசி, ஈயத்தைக் குழலுக்குள் பூசிவிட்டுப் போகும். வெள்ளீயமோ ஆன்டிமனியோ சேர்த்தால் கெட்டிப்படும். அச்செழுத்து வார்க்கும் உலோகத்தில் இவை இரண்டுமே இருந்ததால், தேய்ந்த எழுத்துகளும் குண்டுகளாயின. எழுத்துக்கும் குண்டுக்கும் வார்ப்புக்கருவி ஒன்றே. தமிழில் அதன் பெயர் அச்சு.

சாமுவேல் பேக்கர் 1845இல் இலங்கைக்கு வந்து, பின்னர் நுவரெலியாவில் குடியேறினார். அவருக்காக 1840இலேயே பிரிஸ்டலைச் சேர்ந்த கிப்ஸ் செய்து கொடுத்த துப்பாக்கியின் எடை 21 பவுண்டு. ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் கருமருந்து. இலங்கை வேட்டையைப் பற்றிய அவருடைய நூல் 1850களில் வெளிவந்தது. அரை நூற்றாண்டு அனுபவத்தைத் தொகுத்து 1890இல் எழுதிய நூலில் அவர் ஒரு தெளிவான முடிவுக்கு வருகிறார்: புலிக்கும் மானுக்கும் கலப்பில்லாத மென்காரீயம், தடித்த தோலுள்ள விலங்குக்குக் கெட்டிப்படுத்திய குண்டு. மென்குண்டு உடலுக்குள் காளானைப் போல விரிந்து, மறுபக்கத் தோலுக்கடியில் தங்கிவிட வேண்டும். ஊடுருவி வெளியேறினால் மிச்ச விசை வீண் என்பது அவர் வாதம். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ‘எக்ஸ்பிரஸ்’ துப்பாக்கிகளின் உள்ளீடற்ற குண்டுகளை அவர் ஏற்கவில்லை. அவை தோலருகிலேயே சிதறிவிடும். காயம் பெரிதாகத் தெரியும், விலங்கு சாகாது.

மைசூர் அரசுப் பணியில் இருந்தவரும், 1870களில் யானைகளைக் கூட்டமாகப் பிடிக்கும் கெட்டாவை அங்கு நடத்தியவருமான ஜி. பி. சாண்டர்சனுக்குப் பிரச்சினை வேறாக இருந்தது. யானையின் மண்டை தேன்கூடு போன்ற கண்ணறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதன் பின்பகுதியில், சிறிய இடத்தில் இருக்கிறது. மென்குண்டு அந்த எலும்பிலேயே தட்டையாகி நின்றுவிடும். எனவே கெட்டிப்படுத்திய ஈயம், பெரிய குழல், மிகுந்த மருந்து. பெங்களூருக்குத் தெற்கே பிளிகிரிரங்கன மலைப்பகுதியில் அவருடன் நடந்தவர்களில் சோலிகர்கள் உண்டு. தடம் கண்டவர்கள் அவர்கள். நூலில் நிலைத்த பெயர் அவருடையது.

இந்நூல்களை ஆயுத வரலாற்றின் மூலங்களாக மட்டும் வாசிப்பது போதாது. காகித இலக்கைச் சுட்டால் குறி தெரியும். குண்டு எப்படி விரியும், எங்கே நிற்கும் என்பதை மரப்பலகையும் முழுதாகச் சொல்லாது. அதை அறிய உடல் வேண்டும். அறுத்துப் பார்த்து, தட்டையான ஈயத்தைத் தோண்டியெடுத்து, அடுத்த வார்ப்பில் கலவையை மாற்றினார்கள். இவ்வளவு உடல்கள் கிடைக்க அரசும் துணை நின்றது. யானையைக் கொன்றவருக்கு இலங்கை அரசு வெகுமதி தந்தது. 1848க்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டதாக எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதினார். அந்த எண்ணிக்கை இல்லையென்றால் பேக்கரின் தெளிவும் இருந்திருக்காது.

சாண்டர்சனின் நூல் லண்டனில் வெளியான 1878ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் லிட்டன் ஆட்சியின் ஆயுதச் சட்டம் வந்தது. அச்சட்டம் ஈயத்தை நடத்தும் விதம் கவனத்துக்குரியது. வெடிபொருளின் வரையறையிலிருந்து ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றை அது விலக்குகிறது. உடனே மற்றொரு வரையறையில், ‘இராணுவப் பொருள்’ என்று இவற்றையே கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஆளுநர் நாயகத்துக்குத் தருகிறது. சாதாரண உலோகமும் மருந்துக்கடைப் பொருளும் ஒரே அறிவிக்கையில் ஆயுதமாகிவிடலாம். உரிமம் பெறும் கட்டாயத்திலிருந்து ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது; இந்தியரில் மிகச் சிலருக்கே அது கிடைத்தது. தொடக்ககாலக் காங்கிரஸ் மாநாடுகள் இதை மீண்டும் மீண்டும் எதிர்த்தன. ஒருவரின் அடுப்பில் ஆராய்ச்சியாக இருந்த வேலை, பக்கத்து ஊர்க்காரரின் அடுப்பில் குற்றமாகக்கூடிய நிலை அதிலிருந்து பிறந்தது.

நூலெழுதாத பக்கத்து ஊர்க்காரர் ஈயத்தைப் பற்றி என்ன அறிந்திருந்தார் என்பதற்கு மொழி ஓரளவு சாட்சி. துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது; ரஞ்சகம் என்ற பற்றுமருந்தின் பெயரும் வடக்கிலிருந்து வந்ததே. ஆனால், கையால் செய்யும் வேலைகளுக்கும் தொட்டறியும் உறுப்புகளுக்கும் வீட்டுச் சொற்களே போதுமானவையாக இருந்தன. வெடித்தூளுக்கு மருந்து, அதைத் திணிப்பதற்குக் கெட்டித்தல், சுத்தியல் போல் விழும் உறுப்புக்குக் குதிரை, உருண்டைக்குக் குண்டு, பொடி ஈயமணிகளுக்கு, உப்புமா கிண்டும் அதே ரவை. வெளியிலிருந்து வந்த ஒரு கருவியை வேடிக்கை பார்த்தவர்கள் இப்படிப் பெயரிடுவதில்லை. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் குதிரை என்ற சொல்லைத் தேடினால், விலங்கில் தொடங்கும் பொருள்களின் வரிசையில் துப்பாக்கியின் குதிரையும் இடம்பெற்றிருக்கிறது.