நொய்யல்: கடைமடையின் உரிமை

வெள்ளியங்கிரி மலைச்சரிவில் பெரியாறு, சின்னாறு முதலான ஓடைகள் கூடி நொய்யலாகின்றன. அங்கிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கிழக்கே வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர்கொண்ட ஊரருகே காவிரியில் சேர்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பேரூர்ப் புராணம் அப்பெயரால்தான் இதைப் போற்றுகிறது.

தென்மேற்குப் பருவமழை மலைமேல் கொட்டித் தீர்த்துவிடும். சமவெளிக்கு இறங்கினால் மழைமறைவு நாடு. வெள்ளம் சில வாரங்கள்தான். மற்ற நாள்களில் மணல். இருந்தும் கரையில் ஊர்கள் செழித்தன. வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊரென அறிஞர்கள் கொள்வர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்புலைகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. பாதி துளையிட்டு நின்றுபோன மணிகளும் அங்கே உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால், துளை தொடங்கிய இடம் தெரியும். மறுபுறம் முழுமையாய் மூடியிருக்கும். ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகள் இக்கரை ஊர்களின் வணிகத்தின் வீச்சைக் காட்டுகின்றன.

எனினும் நொய்யலின் பெருஞ்சாதனை வணிகமன்று, நீர்ப்பங்கீடு என்பதே என் துணிபு. சித்திரைச்சாவடி முதலாக ஆற்றின் குறுக்கே தாழ்வான அணைக்கட்டுகள் எழுந்தன. அணை தடுத்த நீர் வாய்க்காலில் திரும்பிக் குளத்தில் விழும். குளம் நிறைந்ததும் கலிங்கு வழியே அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்விடும். உக்கடம் பெரியகுளம் வழிந்தால் வாலாங்குளம். இப்படியே சூலூர் வரை. மேலே இருப்பவர் நிரப்பிக்கொள்ளலாம், மறித்துக்கொள்ள முடியாது. 13ஆம் நூற்றாண்டில் கொங்குச் சோழன் வீரராசேந்திரன் காலத்துப் பேரூர்க் கல்வெட்டொன்று புதிய அணைக்கு அனுமதி தருகிறது. ஆனால், முன்பே உள்ள அணைக்குச் சேரும் நீர் குறையக்கூடாது என்று நிபந்தனையும் விதிக்கிறது. அரசாணையாகவே கல்லில் வெட்டும் அளவுக்கு மற்றவர் பங்கு அன்று பெரிதாக இருந்திருக்கிறது.

அந்த முறை உடைந்தது திருப்பூரில். 1980களுக்குப் பின் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். நிறத்தைச் சுத்திகரிப்பில் எடுத்துவிடலாம். கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்புக்கு மசியாது, ஓடும் நீரில்தான் நீர்த்துப்போகும். ஆண்டின் பெரும்பகுதி ஓடாத நொய்யலில் அது எங்கே போகும்? பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. சில ஆண்டுகளிலேயே அந்த நீர் பயிருக்கு ஆகாமல் போயிற்று. கிணறுகள் உப்பேறின, தென்னைகள் கருகின. அணை திறந்தால் மகிழ வேண்டிய கடைமடை உழவர்கள், திறந்துவிடாதீர்கள் என்று கேட்க நேர்ந்த கொடுமையை இந்த ஆற்றின் வரலாற்றில் வேறெங்கும் நான் காணவில்லை.

உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. கழிவுநீரைச் சவ்வூடு வடித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியது அதன் பின்னரே. பேரூர்க் கல்லில் வெட்டியிருந்த நெறியைத்தான் நீதிமன்றம் வேறு சொற்களில் திரும்பச் சொன்னது.

நொய்யலுக்குத் திட்டம் தீட்டுவோர் பெரும்பாலும் கோவைக் குளக்கரையில் நடைபாதை போடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஒரு கிணற்று நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அவர்கள் தொடங்கட்டும்.