விளையாட்டில் காயமடைந்தால்: ஊதிய இழப்பும் விபத்துக் காப்பீடும்

விடுமுறை நாள் கிரிக்கெட், மாலைநேரக் கைப்பந்து, ஊர்த் திருவிழாக் கபடி ஆகியவை உடல்நலத்திற்கு நல்லவை. எனினும், மணிக்கட்டு எலும்பு முறிந்தாலோ முழங்கால் சவ்வு (ஜவ்வு) கிழிந்தாலோ பல வாரங்கள் வேலைக்குச் செல்ல இயலாது. அப்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. சிகிச்சைச் செலவை ஏற்பவர் யார்? இழந்த ஊதியத்தை ஈடுசெய்பவர் யார்? இவ்விரண்டிற்கும் விடை பெரும்பாலும் வெவ்வேறு திட்டங்களில் உள்ளது. தமிழ்நாட்டில் பணிபுரிவோர் அறிய வேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள்

இ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் வரும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை (மாற்றுத்திறனாளி எனில் 25,000 ரூபாய் வரை) ஊதியம் பெறும் தொழிலாளருக்கு இத்திட்டம் பொருந்தும். காயம் விளையாட்டு மைதானத்தில் ஏற்பட்டிருந்தாலும் உங்களுக்குச் சிகிச்சை உண்டு. நோய்க்கால உதவித்தொகையும் உண்டு.

உதவித்தொகையின் அளவு: சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம். ஓராண்டில் அதிகபட்சம் 91 நாட்களுக்கு வழங்கப்படும். முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாகத் தொகை கிடையாது.

தகுதி: ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்பு, அடுத்து வரும் ஜனவரி முதல் ஜூன் வரைக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரையிலானது, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் கணக்கில் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, உங்கள் சராசரி நாள் ஊதியம் 600 ரூபாய் எனில் நாளொன்றுக்கு 420 ரூபாய் கிடைக்கும். ஆறு வாரங்கள், அதாவது 42 நாட்கள் ஓய்வில் இருந்தால், முதல் இரண்டு நாட்கள் நீங்கலாக 40 நாட்களுக்கு 16,800 ரூபாய் பெறலாம். ஊதியத்துடன் கூடிய விடுப்பு எடுத்த நாளுக்கு இத்தொகையையும் சேர்த்துப் பெற இயலாது.

எலும்பு கூடாமலோ தாமதமாகக் கூடியோ சிகிச்சை நீண்டால், நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகையாக 80 சதவீதம் பெற வாய்ப்புண்டு. இதற்கு இரண்டாண்டுத் தொடர் பணி முதலிய நிபந்தனைகள் உள்ளன.

காயமடைந்தவர் தொழிலாளரின் குடும்ப உறுப்பினர் எனில் சிகிச்சை மட்டுமே கிடைக்கும். அவரைக் கவனிக்க நீங்கள் எடுக்கும் விடுப்பிற்கு நோய்க்கால உதவித்தொகை இல்லை.

காயம் நேர்ந்த இடத்தை உள்ளபடி கூறுங்கள்

பணியின்போதும் பணி காரணமாகவும் ஏற்படும் காயத்திற்கு 90 சதவீதம் வழங்கப்படுகிறது. இவ்வேறுபாட்டைக் கருதி, மைதானத்தில் நேர்ந்ததைத் தொழிற்கூடத்தில் நேர்ந்ததாகக் கூறும்படி சிலர் அறிவுரை தருவதுண்டு. அதை ஏற்காதீர்கள். பணிக்காயம் எனில் நிறுவனத்தின் விபத்து அறிக்கை தேவை; அவசரப் பிரிவின் பதிவேட்டிலும் நிகழ்விடம் எழுதப்படும். இவை முரண்பட்டால் உங்களுக்குரிய 70 சதவீதமும் தாமதமாகும். பொய்யான தகவல் தந்து பயன்பெறுவது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

நிறுவனமே நடத்திய போட்டியில் காயமடைந்திருந்தால், அதையும் தெளிவாகத் தெரிவியுங்கள். அது பணிக்காயமா என்பதை இ.எஸ்.ஐ. கழகம் முடிவு செய்யும்.

முதல் நாளே சான்றிதழ் பெறுங்கள்

எலும்பு முறிந்தவுடன் கட்டுப் போடும் வைத்தியரிடம் சென்று, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து வலி தீராமல் மருத்துவமனைக்கு வருவோர் பலர். இதனால் எலும்பு கோணலாகக் கூடும் அபாயம் ஏற்படுகிறது; கடந்துபோன நாட்களுக்கு மருத்துவச் சான்று இல்லாமல் உதவித்தொகையும் கைநழுவுகிறது. நீங்கள் சிகிச்சைக்கு வராத நாட்களுக்கு மருத்துவர் முன்தேதியிட்டுச் சான்று வழங்க இயலாது. வெளியூரில் காயமடைந்து வேறு மருத்துவமனையில் சேர்ந்திருந்தால், எக்ஸ்ரே, சேர்க்கைச் சீட்டு, விடுவிப்புக் குறிப்பு ஆகியவற்றைப் பாதுகாத்து, விரைவில் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டுங்கள்.

உதவித்தொகை பெறும் காலத்தில் சிகிச்சையில் தொடர்ந்து இருக்க வேண்டும். குணமடைவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது. கட்டுடன் மைதானத்திற்குத் திரும்புவது உடலுக்கும் கேடு, உதவித்தொகைக்கும் கேடு. தகுதிச் சான்று பெற்ற பின்னரே பணியில் சேருங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்

விடுப்பு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்கீழ் வரும் ஊழியருக்கு, நோய் அல்லது விபத்தை முன்னிட்டு ஆண்டுக்கு 12 நாட்கள் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. விபத்து பணியிடத்தில்தான் நேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: தகுதியுள்ள குடும்பத்திற்கு, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளுக்காக ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு அளிக்கிறது. ஊதிய இழப்பிற்கு இதில் தொகை இல்லை.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம்: 18 முதல் 70 வயது வரையுள்ளோர் வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரலாம். விபத்தில் உயிரிழந்தாலோ இரு கண்கள், இரு கைகள் அல்லது இரு கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தாலோ 2 லட்சம் ரூபாயும், ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் நிரந்தரமாகச் செயலிழந்தால் 1 லட்சம் ரூபாயும் வழங்கப்படும். கூடிக் குணமாகும் எலும்பு முறிவிற்கு இதில் தொகை இல்லை.

நம்மைக் காக்கும் 48: இது சாலை விபத்திற்கான திட்டம். மைதானக் காயங்களுக்குப் பொருந்தாது.

தனியார் விபத்துக் காப்பீடு: சில ஒப்பந்தங்களில், வேலை செய்ய இயலாத வாரங்களுக்கு வாராந்தரத் தொகை உண்டு. சேரும் முன் இப்பிரிவு உள்ளதா என்றும், சாகச விளையாட்டு, தொழில்முறைப் போட்டி ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா என்றும் படித்துப் பாருங்கள்.

காயமடைந்தவுடன் செய்ய வேண்டியவை

1. முறிந்ததாகத் தோன்றும் உறுப்பை அசையாமல் தாங்கிப் பிடித்து, 108-ஐ அழையுங்கள்.
2. காயம் எங்கு, எப்போது, எப்படி ஏற்பட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி கூறுங்கள்.
3. அன்றே நிறுவனத்திற்குத் தகவல் தெரிவியுங்கள்.
4. முதல் சான்றிதழ், தொடர் சான்றிதழ்கள், தகுதிச் சான்று ஆகியவற்றை இடைவெளியின்றிப் பெற்று, நகல் எடுத்து வையுங்கள்.
5. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உங்கள் வங்கிக் கணக்கு விவரம் சரியாக உள்ளதா என்று சரிபாருங்கள்.