ஊழியமும் ஊழியரும்: மிஷன் ஆஸ்பத்திரிகளின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

1

என் பெரியம்மா தெற்கே ஒரு சிற்றூரின் மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். 'வேலை பாத்தேன்' என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. 'ஊழியம் செஞ்சேன்' என்பாள். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகை குறைவு என்று வீட்டில் நாங்கள் எல்லோரும் கொதித்தோம். அவள் மட்டும், 'அது என்ன கம்பெனியா, சண்டை போட்டு வாங்குறதுக்கு?' என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அன்று எங்களிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரி கம்பெனியா இல்லையா என்ற இதே கேள்வியை இந்திய உச்சநீதிமன்றம் 1960 முதல் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது.

'ஊழியம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் ஊழியம் என்பது ஒடுக்கப்பட்ட சாதிகள்மீது அரசு சுமத்திய கூலியில்லாக் கட்டாய உழைப்பு. கோயிலுக்கும் அரண்மனைக்கும் சுமை தூக்குவதிலிருந்து பல வேலைகள் இதில் அடக்கம். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில் (1810–1819) மதம் மாறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் ஊழியத்திலிருந்தும் விலக்குக் கிடைத்தது. அதற்காக வாதாடியவர்கள் மிஷனரிகள். அதே மிஷனரிகளின் தமிழில் ஊழியம் என்பது கடவுளுக்குச் செய்யும் பணி. பிறகு வந்த நிர்வாகத் தமிழில் ஊழியர் என்றால் சம்பளம் வாங்கும் ஆள். ஆக, அடிமை உழைப்பு, இறைப்பணி, கூலி உழைப்பு மூன்றும் ஒரே சொல்லுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களின் வரலாறு இந்த மூன்று அர்த்தங்களுக்கும் இடையிலான இழுபறிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2

வேலூரை எடுத்துக்கொள்வோம். அந்த ஆஸ்பத்திரியின் தொடக்கக் கதை பலரும் அறிந்தது. திண்டிவனத்தில் ஓர் இரவு. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து என மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற ஐடா ஸ்கடரை அழைக்கிறார்கள். அவர் அப்போது டாக்டர் அல்ல. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்கிறார். அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் மறுக்கிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போகிறார்கள். ஐடா கார்னெல் சென்று 1899-ல் மருத்துவம் முடித்து, 1900-ல் திரும்பி வந்து ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்குகிறார். 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுகிறது.

இந்தக் கதை ஒரு தொன்மம்போலவே சொல்லப்படுகிறது. இதில் கணவர்களுக்கு சாதி இருக்கிறது, மதம் இருக்கிறது. டாக்டருக்குப் பெயர் இருக்கிறது. செத்த மூன்று பெண்களுக்கு மட்டும் பெயர் இல்லை. யார் பெயரோடு வரலாற்றுக்குள் வருகிறார்கள், யார் பெயரில்லாமல் வருகிறார்கள் என்பது தற்செயல் அல்ல.

ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பது பாதிக் கதைதான். ரத்தத்தையும் மலத்தையும் பிரசவ அழுக்கையும் யார் தொடுவது என்பது மீதிக் கதை. தீட்டு என்று சாதி ஒதுக்கிய வேலை அது. காலங்காலமாக மருத்துவச்சியும் வண்ணாத்தியும் செய்துவந்த வேலை. 1909-ல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கியபோது சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்ப முண்டியடிக்கவில்லை. தொடக்க காலத்தில் இந்தியா முழுக்கவே செவிலியர் தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மதம் மாறிய ஏழைக் குடும்பத்துப் பெண்கள், அநாதைகள், விதவைகள்.

இதை வெறும் சுரண்டல் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது சுலபம். அது நேர்மையாகாது. தீட்டு என்று இழிவுபடுத்தப்பட்ட அதே வேலை இங்கே வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு, பாடப் புத்தகமும் பரீட்சையும் சான்றிதழும் உள்ள தொழிலாக மாறியது. பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட வேண்டிய பெண் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், தன் கையால் மாதச் சம்பளம் வாங்கினாள். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கியபோது மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்று அதிகாரிகள் கேலி செய்ததாகச் சொல்வார்கள். 1922-ல் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். 1942-ல் அது பட்டப்படிப்புக் கல்லூரியானது. 1946-ல் செவிலியர் கல்விக்கும் பட்டப்படிப்பு வந்தது. 1947-ல் ஆண்களும் மாணவர்களாகச் சேர்ந்தார்கள். இவை எல்லாம் சாதாரணக் காரியங்கள் அல்ல.

ஆனால் இந்த விடுதலை ஒரு நிபந்தனையோடு வந்தது. ஆஸ்பத்திரி ஒரு குடும்பம் என்பதே அந்த நிபந்தனை. சிற்றாலயம், ஹாஸ்டல், குவார்ட்டர்ஸ், கிறிஸ்துமஸ் விருந்து எல்லாம் ஒரே மதிலுக்குள். படிக்க வருகிற மாணவரை ஒரு திருச்சபை பரிந்துரைக்கும். படித்து முடித்ததும் அந்தச் சபையின் ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட காலம் அவர் பணியாற்ற வேண்டும். எங்கோ ஒரிசாவிலும் பீகாரிலும் உள்ள சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் டாக்டர் கிடைத்துப் பிழைத்தது இந்த வலைப்பின்னலால்தான். நர்ஸை நாம் 'சிஸ்டர்' என்கிறோம். கன்னியர் மடத்திலிருந்து பிரிட்டிஷ் வார்டுக்கு வந்து, அங்கிருந்து நம் வாய்க்கு வந்த சொல் அது. டாக்டரை யாரும் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. குடும்பத்தில் சகோதரி சம்பளம் கேட்கமாட்டாள், ஷிப்டு முடிந்தது என்று கிளம்பமாட்டாள். குடும்பம் என்ற சொல்லாடலின் அதிகாரம் இங்கேதான் வேலை செய்கிறது.

3

இந்தக் குடும்பத்துக்குள் சட்டம் நுழைந்த கதை சுவாரஸ்யமானது. 1960-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரிக் குழுமத்தில் நீக்கப்பட்ட இரண்டு வார்டு பணியாளர்களுக்காகச் சங்கம் போட்ட வழக்கில், ஆஸ்பத்திரியும் தொழிற்தகராறு சட்டத்தின்கீழ் 'தொழில்'தான் என்றது உச்சநீதிமன்றம். பத்தே வருஷத்தில், 1970-ல், சஃப்தர்ஜங் வழக்கில் அதே நீதிமன்றம் பல்டி அடித்தது. அந்த வழக்கில் ஒரு தரப்பு பாட்னாவின் குர்ஜி ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் பெயரிலேயே குடும்பம் இருந்ததைக் கவனியுங்கள்.

1978-ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு மறுபடியும் திருப்பியது. கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் தர்க்கம் நமக்கு முக்கியமானது. தர்மம் செய்வது முதலாளி, அது போய்ச் சேர்வது நோயாளிக்கு. நடுவில் கூலிக்கு உழைப்பவரோடு உள்ள உறவு தர்மம் ஆகாது. அது வேலை உறவுதான். உண்மையாகவே கூலி கருதாமல் லட்சியத்தைப் பகிர்ந்துகொண்டு உழைக்கிறவர்கள் நடத்தும் ஆசிரமம்போன்ற இடங்களுக்கு மட்டும் அவர் விலக்குக் கொடுத்தார்.

1987-ல் கேள்வி வேலூருக்கே வந்தது. ஊழியர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே வேலைநீக்கம் பற்றிய தகராறு. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினர் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்குத் தரும் உரிமையைக் காட்டி, தொழிற்தகராறு சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்றது நிர்வாகம். சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. நிறுவனத்தை நடத்தும் உரிமை, தொழிலாளிக்குள்ள பாதுகாப்பைப் பறிக்கும் உரிமை அல்ல என்பதே அதன் சாரம். நண்பர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சிறுபான்மையினரைத் தாக்க இந்தத் தீர்ப்பை எடுத்து வீசுகிறவர்கள் உண்டு. வழக்குப் போட்ட ஊழியர்களில் கிறிஸ்தவர்களும் இருந்திருப்பார்களே என்று அவர்கள் யோசிப்பதில்லை. சிறுபான்மைக்குள்ளேயும் மேலே இருப்பவர், கீழே இருப்பவர் உண்டு.

4

இது பழங்கதை அல்ல. ஆஸ்பத்திரிகளையும் தர்ம நிறுவனங்களையும் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்கும் திருத்தம் 1982-லேயே நிறைவேறியது. ஆனால் அந்த வரையறை நடைமுறைக்கு வரவேயில்லை. 2020-ன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவுக்கோ தர்ம, சமூக, கொடைப் பணிகளில் ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களை விலக்கி வைக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது அமலில் இருக்கிறது. 'லாப நோக்கமற்றது' என்ற அடைமொழி இனி யாருக்குக் கேடயம், யாருக்கு வாள் என்பது வழக்குகள் வரும்போது தெரியும். ஒன்று நிச்சயம். லாபம் இல்லை என்பதால் அதிகாரமும் இல்லை என்று ஆகிவிடாது.

மிஷன் ஆஸ்பத்திரிகளைப் பற்றி டாக்டர்களின் வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. மிஷனரிகளின் கடிதங்கள் இருக்கின்றன. படுக்கை விரித்தவர், பெட்பேன் கழுவியவர், பிணவறைக்குத் தள்ளுவண்டி தள்ளியவர் யாரும் அவற்றில் நின்று பேசுவதில்லை. அவர்கள் எழுத்துக்குள் வருகிற ஒரே இடம் கோர்ட் தீர்ப்புதான். அதுவும் வேலை போன பிறகு. வேலை போகாதவர்கள் அங்கேயும் வருவதில்லை. முப்பது வருஷம் ஒரு நாள்கூட முரண்டு பண்ணாமல் உழைத்த என் பெரியம்மா எந்த ஆவணத்திலும் இல்லை. அவளைப் போன்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிற ஊர்களில், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, 'ஊழியம்னா என்னம்மா?' என்று கேட்டு எழுதி வைக்க வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது.