வால்டார்ஃபின் பேரேடு

2025 மார்ச் மாதக் கடைசியில் ஐரோப்பியப் பங்குச்சந்தைகளின் முதலிடம் கைமாறியது. அதுவரை அந்த இடத்தில் இருந்தது நோவோ நார்டிஸ்க். உடல் எடையைக் குறைக்கும் ஊசிமருந்து விற்கும் டென்மார்க் நிறுவனம். அதற்கு முன்னால் எல்விஎம்எச். கைப்பையும் வாசனைத் திரவியமும் விற்கும் பிரெஞ்சு நிறுவனம். இவ்விரண்டையும் தாண்டி வந்த எஸ்ஏபி விற்கும் சரக்கை எந்தக் கடை அலமாரியிலும் பார்க்க முடியாது. கம்பெனிகளின் கணக்கெழுதும் மென்பொருள் அது. அதன் பங்குகளின் மொத்த மதிப்பு அப்போது 30,000 கோடி யூரோவைக் கடந்திருந்தது.

முதலீட்டாளர்களுக்கு இந்தப் பங்கின் மேல் ஏன் அவ்வளவு பிரியம் வந்தது என்று கேட்டால் சந்தை ஆய்வாளர்கள் காலாண்டு அறிக்கைகளை எடுத்து நீட்டுவார்கள். விடை அந்த அறிக்கைகளைவிடப் பழையது. அதைத் தேடி ஒரு நைலான் நூல் ஆலைக்குப் போக வேண்டும்.

தென்மேற்கு ஜெர்மனியில் ஓஸ்ட்ரிங்கன் என்றொரு சிற்றூர். அங்கே பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்துக்கு ஓர் ஆலை இருந்தது. 1972-இல் அந்த ஆலையின் கணினி அறைக்கு இரவு நேரங்களிலும் வார இறுதியிலும் சிலர் வேலைக்கு வந்து போனார்கள். டீட்மார் ஹாப், ஹாசோ பிளாட்னர், கிளாவுஸ் ட்ஷீரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர், கிளாவுஸ் வெல்லன்ராய்ட்டர் என்ற ஐந்து பேர்தான் அந்தக் குழுவின் தலைவர்கள். ஐவரும் ஐபிஎம் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி சொந்தமாக நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். அதுதான் எஸ்ஏபி. சொந்தமாகக் கணினி வாங்கத்தான் வசதியில்லை. பகலில் ஆலை வேலைக்குப் போக மிஞ்சிய நேரத்தில் ஆலையின் கணினியிலேயே நிரல் எழுதினார்கள். ஆண்டு முடிவில் ஒன்பது பேர் வேலை பார்த்தார்கள். வரவு 6,20,000 மார்க்.

அவர்கள் கண்டது எளிய விஷயம். அன்றைக்குக் கணினி வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் சம்பளப் பட்டியலுக்கும் கணக்குக்கும் ஆளை வைத்துத் தனித்தனியாக நிரல் எழுதிக்கொண்டது. பற்றும் வரவும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே, ஒருமுறை ஒழுங்காக எழுதிப் பலருக்கும் விற்றால் என்ன என்று ஐவரும் யோசித்தார்கள். ஐசிஐக்காகச் செய்த வேலைக்குக் கூலி கிடைத்தது. எழுதிய மென்பொருளை மற்றவர்களுக்கு விற்கும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. பிற்காலத்தில் வந்த செல்வம் முழுவதும் இந்த இரண்டாவது வரியில் இருக்கிறது. மருந்து தயாரித்த க்னோல், சிகரெட் தயாரித்த ரோத்-ஹேண்ட்லே என்று சுற்றுவட்டார ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன.

இன்னொரு யோசனையும் இருந்தது, அதுதான் ஆழமானது. ஓர் ஆலையின் சரக்கறையை எண்ணிப் பார்க்கலாம். லாரி வந்து நிற்கிறது, மூட்டைகள் இறங்குகின்றன. சரக்கறைக்காரர் ஒரு சீட்டில் எழுதுகிறார். சீட்டு கணக்குப் பிரிவுக்குப் போகிறது. அங்கிருந்து துளை அட்டை அடிக்கும் அறைக்கு. அட்டைக் கட்டு இரவில் கணினிக்குள் போய்க் காலையில் பட்டியலாக வெளியே வரும். இதற்குள் பாதி மூட்டைகள் உற்பத்திக்குப் போயிருக்கும். மாதக் கடைசியில் சரக்கறைக் கணக்கு ஒன்று சொல்லும், பேரேடு வேறொன்று சொல்லும். இரண்டையும் ஒட்டவைக்கக் குமாஸ்தாக்கள் இரவெல்லாம் கண்விழிப்பார்கள்.

ஐவரின் மென்பொருளில் சரக்கறைக்காரர் திரையில் ஒரே ஒரு பதிவு போட்டால் போதும். சரக்கு இருப்பு அந்த நொடியே ஏறும். விற்றவருக்குத் தர வேண்டிய தொகை பேரேட்டில் ஏறும். கொள்முதல் ஆணையில் அத்தனை மூட்டை வந்தாயிற்று என்று குறிக்கப்படும். 'ரியல் டைம்' என்பதன் முதல் எழுத்தான ஆர், அவர்களுடைய மென்பொருள்களின் பெயராகவே ஆனது இதனால்தான்: ஆர்/2, பிறகு ஆர்/3. கணக்கும் சரக்கும் விற்பனையும் சம்பளமும் ஒரே துணியின் பாவும் ஊடுமாகப் பின்னிக்கொண்டன. ஓர் இழையை மட்டும் உருவி எடுக்க இனி யாராலும் முடியாது.

1977-இல் நிறுவனம் வால்டார்ஃபுக்குக் குடிபெயர்ந்தது. ஹைடல்பெர்க் பக்கத்தில் உள்ள இந்த ஊருக்குப் பணக்காரரை உருவாக்கிய பழைய பெருமை ஒன்று உண்டு. 1763-இல் இங்கே பிறந்த யோஹான் யாகோப் ஆஸ்டர் அமெரிக்காவுக்குப் போய்த் மென்மயிர்த் தோல் வியாபாரத்திலும் நியூயார்க் நிலத்திலும் பெரும் செல்வம் சேர்த்தார். நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் பெயரில் பாதி இந்த ஊருடையது.

1988 நவம்பரில் எஸ்ஏபி பங்குச்சந்தைக்கு வந்தது. பங்கு ஒன்று 750 மார்க். முதல் நாள் முடிவில் 850. ஆனாலும் அந்தப் பங்கின் பொற்காலம் 1992-இல் ஆர்/3 வந்த பிறகே பிறந்தது. அறை நிறைக்கும் பெரிய கணினி தேவையில்லை, சின்னச் சர்வர்களில் ஓடும் என்றதும் வாங்குவோர் கூட்டம் பெருகியது. 2000-ஆம் ஆண்டு பிறந்தால் பழைய நிரல்கள் தேதியைக் குழப்பிவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம். யூரோ நாணயம் வருகிறது, கணக்கையெல்லாம் மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இன்னொரு பக்கம். பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்குப் பதில் புது வீட்டுக்கே போய்விடலாம் என்று கம்பெனிகள் முடிவு செய்தன. 1992-இல் 83 கோடி மார்க்காக இருந்த விற்பனை 1998-இல் 846 கோடி மார்க்கைத் தொட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பங்கு நியூயார்க் சந்தைக்கும் போனது.

இந்த மென்பொருளின் உள்ளே போய்ப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் 'சாப்' என்று அழைக்கும் எஸ்ஏபி வேலை பார்க்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜெர்மன் படிக்காதவர்களும் தினமும் ஜெர்மன் சொற்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள். கம்பெனியைக் குறிக்கும் புலத்தின் பெயர் 'புக்ர்ஸ்'. 'புஹுங்ஸ்க்ரைஸ்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம், கணக்கு வட்டம் என்று பொருள். 'கேஜார்' என்பது நிதியாண்டு. 'பெல்என்ஆர்' என்பது வவுச்சர் எண். நிரலெழுதும் 'அபாப்' மொழியின் பெயர்கூட அறிக்கை தயாரிக்கும் கருவி என்று பொருள்படும் ஜெர்மன் தொடரின் முதலெழுத்துகள்தான். திரையில் தெரியும் சொற்கள் எத்தனையோ மொழிக்கு மாறிவிட்டன. அடித்தளத்துப் பெயர்களை யாரும் தொடவில்லை. தொட்டால் உலகமெங்கும் அந்தப் பெயர்களை நம்பி எழுதிய கோடிக்கணக்கான நிரல் வரிகள் நின்றுபோகும்.

முதலீட்டாளர் விரும்புவது இந்தப் பிடிப்பைத்தான். பேரேட்டை மாற்றுவது எவ்வளவு வலிக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷே, 11 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஆர்/3-ஐயும் வேறு இரு மென்பொருள்களையும் ஒரே மூச்சில் இறக்கியது. 1999-இல் ஹாலோவீன் பண்டிகை நேரத்தில் கிடங்கில் மிட்டாய் இருந்தும் கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நிறைவேற்ற முடியாமல் போயிற்று. லிடில் என்ற ஜெர்மன் பேரங்காடி ஏழு ஆண்டு முயன்று, சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு, 2018-இல் எஸ்ஏபி திட்டத்தைக் கைவிட்டது. லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும். மென்பொருள் விற்பனை விலையில் மதிப்பிடும். இந்த ஒரு வேற்றுமையைச் சரிக்கட்டப் போட்ட ஒட்டுகளே திட்டத்துக்குப் பெரும் பாரமாயின. நுழைவதே இத்தனை பாடு என்றால், நுழைந்து வேரூன்றிய கம்பெனி எளிதில் வெளியேறத் துணியாது.

அதனால் வருமானமும் வற்றாது. மென்பொருளை வாங்கும்போது உரிமக் கட்டணம். அதன் பிறகு ஆண்டுதோறும் அதில் ஒரு பங்கு பராமரிப்புக் கட்டணம். வங்கியில் போட்ட வைப்புநிதிக்கு வட்டி வருவதுபோல வந்துகொண்டே இருந்த பணம் இது. 2008-இல் நிறுவனம் அளவு மீறியது. 17 சதவீதமாக இருந்த பராமரிப்பைப் படிப்படியாக 22 ஆக்கப்போவதாக அறிவித்தது. உலகமே நிதி நெருக்கடியில் தவித்த நேரம் அது. வாடிக்கையாளர்கள் சங்கங்களாகத் திரண்டு எதிர்த்தார்கள். 2010 ஜனவரியில் குறைந்த கட்டணத் திட்டத்தை மீண்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று; அடுத்த மாதமே தலைமை அதிகாரி பதவி விலகினார். தப்பிக்க முடியாதவரிடம் விலையை ஏற்றுவது வியாபாரத் தந்திரம் ஆகாது, கொள்கைப் பிழை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

அடுத்த சோதனை பங்குதாரர்களுக்கு வந்தது. மென்பொருளை விற்றுக் காசு வாங்கும் காலம் மாறி, கிளவுடில் வாடகைக்கு விடும் காலம் வந்திருந்தது. சக்சஸ்ஃபேக்டர்ஸ், அரிபா, கன்கர் என்று பெரும் விலைக்குக் கிளவுட் நிறுவனங்களை எஸ்ஏபி வாங்கிக் குவித்தது. ஆனால் இதயமான பேரேட்டை அங்கே கொண்டுபோகத் தயங்கியது. சந்தா முறையில் முதல் சில ஆண்டுகள் வருமானம் குறைவாகத் தெரியும் அல்லவா? 1999-இல் மாணவராக அங்கே வேலைக்குச் சேர்ந்து தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த கிறிஸ்டியான் கிளைன், 2020 அக்டோபரில் அந்தக் கசப்பை விழுங்கினார். பழைய லாப இலக்குகளைக் கைவிடுகிறோம், கிளவுடுக்கே போகிறோம் என்றார். ஒரே நாளில் பங்கு 20 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. ஐசிஐ ஆலையில் இரவு வேலை பார்த்த பிளாட்னர் அந்த நாட்களில் தன் பணத்தில் ஏறத்தாழ 25 கோடி யூரோவுக்குப் பங்குகளை வாங்கினார்.

அவருடைய கணிப்பு பலித்தது. பழைய பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027-ஓடு முடியும் என்று நிறுவனம் முன்பே நாள் குறித்துவிட்டதால் வாடிக்கையாளர்கள் புதிய எஸ்/4 ஹானாவை நோக்கி நகர்ந்தே ஆக வேண்டியிருந்தது. 2024-இல் மொத்த வருமானம் 3,418 கோடி யூரோ. அதில் பாதி, 1,714 கோடி, கிளவுட் வழியே வந்தது. ஒப்பந்தம் போட்டு இன்னும் வந்து சேராத கிளவுட் வரவு 6,330 கோடி. வருமானத்தில் 83 சதவீதத்தை முன்கூட்டியே ஓரளவு கணித்துவிடலாம் என்று நிறுவனம் தன் அறிக்கையில் எழுதியது. முதலீட்டாளரை நிம்மதியாகத் தூங்கவைக்கும் எண் அந்த 83.

அந்த 2024 மே மாதம் பிளாட்னர் மேற்பார்வைக் குழுவின் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அவர் விலகினாலும் பழைய பெயர்கள் விலகவில்லை. எஸ்/4 ஹானாவில் கணக்குப் பதிவுகளையெல்லாம் சேர்த்து வைக்க ஒரு புதிய அட்டவணை அமைத்திருக்கிறார்கள். நினைவகத்திலேயே எல்லாம் இயங்கும் நவீன அமைப்பு அது. அதன் புலங்களை வரிசையாகப் படித்தால் 'கேஜார்' அப்படியே இருக்கிறது, 'பெல்என்ஆர்' அப்படியே இருக்கிறது. 'புக்ர்ஸ்' மட்டும் முன்னால் ஓர் ஆர் சேர்த்துக்கொண்டு 'ஆர்புக்ர்ஸ்' ஆகியிருக்கிறது.