நோன்பும் சர்க்கரை நோயும்: கேட்டுத் தெளிவோம்

ஒரு பயணத்தில், தலையில் காயம்பட்டிருந்த ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யலாமா எனத் தோழர்களிடம் கேட்டார். அனுமதியில்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். இதையறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டும், அறியாமைக்கு நிவாரணம் கேட்பதே என உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

ரமளானில் நம்மில் பலர் இதே தவறைச் செய்கிறோம். மூன்று வேளை மாத்திரையை நாமே இரண்டு வேளையாக்குகிறோம், இன்சுலினை நிறுத்திவிடுகிறோம். வேண்டாம் என்பாரோ என்று பயந்து, நோன்பு வைப்பதை டாக்டரிடம் மறைக்கிறோம்.

அறிய வேண்டியவை:

1. ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைச் சந்தியுங்கள். ஸஹருக்கு எந்த மருந்து, இஃப்தாருக்கு எது, எவ்வளவு என எழுதி வாங்குங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் பட்டினியில் சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடும்.

2. விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது.

3. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் வந்தாலும் அப்படியே. இஃப்தாருக்கு அரை மணி நேரமே இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்பது அல்லாஹ் தந்த சலுகை (2:184, 185). குணமடைய வாய்ப்பில்லாதவருக்கு ஃபித்யா உண்டு. சலுகையை ஏற்பது ஈமானின் குறையல்ல. மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேட்போம். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்போம்.